பரணில் ஒரு மீன்முள்

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை கிளம்பும் நாளில், பெட்டியை இறக்க நான் பரணுக்கு ஏணி போட்டேன். கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர், "என்னல அது, மீனு முள்ளு கணக்கா?" என்றார். தூத்துக்குடிக்காரர், முள்ளைப் பார்த்தே மீனின் பெயரைச் சொல்லிவிடுவார். ரேடியோ ஏரியல் அத்தை என்றேன். "ரேடியோவுக்கா இம்புட்டு?" என்று சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டார். நேரமாகிவிட்டதால் நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கியிருந்தால் அவர் விமானத்தைத் தவறவிட்டிருப்பார்.

இது லண்டனின் வடமேற்கு ஓரம், ஹாரோ. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் கட்டிய ஓட்டு வீடு. படுக்கையறைகளுக்கு மேலே, கூரைச் சரிவுக்கு அடியில், முக்கோணமாக ஓர் இடம். இங்குள்ளவர்கள் லாஃப்ட் என்பார்கள். பித்தளைக் குடமும் கொலு பொம்மையும் இருக்கவேண்டிய இடத்தில் பழைய சூட்கேஸும் கிறிஸ்துமஸ் மரமும் இருக்கின்றன. மற்றபடி நம் பரண்தான். அங்கே கைமரத்திலிருந்து தொங்குகிறது அந்த மீன்முள். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அலுமினியத் தண்டு, அதற்குக் குறுக்கே மூன்று குழாய்கள். பின்னால் இருப்பது நெட்டை, முன்னால் இருப்பது குட்டை, நடுவில் இருப்பது இரண்டாக மடிந்து சேஃப்டி பின் போல இருக்கும். குட்டைக் குழாய் தென்கிழக்கைப் பார்க்கிறது. அந்தத் திசையில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், கென்ட் மாவட்டத்துச் சுண்ணாம்புக் குன்றின் மேல், ரூட்டம் ஒலிபரப்புக் கோபுரம் நிற்கிறது. ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் ராத்தம் என்றுதான் வரும். உள்ளூர்க்காரர்கள் ரூட்டம் என்கிறார்கள்.

எங்கள் ஊரில் ரேடியோவுக்கு ஏரியல், டிவிக்கு ஆன்டெனா. செம்புக் கம்பியை ரிப்பன் போலப் பின்னி, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். தாத்தா வீட்டில் அதற்கு அடியில்தான் இலங்கை வானொலி கேட்டோம். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது, ஏரியல் என்ற சொல் ஊரை விட்டே போனது. எஃப்.எம். ஒன்றும் நமக்குப் புதிதல்ல. இந்தியாவில் அது முதலில் ஒலித்ததே சென்னையில்தான், 1977 ஜூலை 23இல். ஆனாலும் நம் நினைவில் எஃப்.எம். என்றால் ஆட்டோவிலும் டீக்கடையிலும் அலறும் பாட்டு. அதற்காக யாரும் கூரையேறியதில்லை. எனவே எஃப்.எம்.முக்குள் இவ்வளவு நுணுக்கம் ஒளிந்திருப்பது இங்கே வந்துதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் அந்த அளவைச் சொல்லவேண்டும். எஃப்.எம். ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர் வரும். பாதி, ஒன்றரை மீட்டர். ஏரியலுக்கு வேண்டியது அந்தப் பாதிதான். கடற்கரைக்காரர்கள் கயிறு அளக்க இரண்டு கையையும் விரித்துப் பாகம் என்பார்களே, அதற்குக் கொஞ்சம் குறைவு. மத்திய அலையின் நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர், அதற்கு அரை அலை ஏரியல் கட்டப் பெரிய மைதானம் வேண்டும். சாட்டிலைட் அலையோ விரற்கடை. ஆள் கையை விரித்துத் தழுவிக்கொள்ளும் அளவில் வருவது எஃப்.எம். அலை ஒன்றுதான். பரணில் குனிந்து அந்தக் குழாயை இரண்டு கையாலும் பிடிக்கும்போது, இதோ, காற்றில் போகிற அலையில் பாதி என் கைகளுக்கு நடுவே இருக்கிறது என்று தோன்றும். இந்த எண்ணம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை.

சரியாக ஒன்றரை மீட்டருக்கு வெட்டினாலும் போதாது. குழாயின் நுனிகள் மின்சாரத்துக்குச் சற்று நீண்டு தோன்றும், ஆகவே நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து வெட்டவேண்டும். வேலை தெரிந்தவர்கள் 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்து மீட்டராக எடுத்துக்கொள்வார்கள். அலைவரிசையின் நடுவான 98க்கு 1.46 மீட்டர். நான் அதிகம் கேட்பது பி.பி.சி. ரேடியோ 3, ரூட்டத்திலிருந்து 91.3இல் வருவது, அதற்கு 1.57. இரண்டுக்கும் வித்தியாசம் அரைச் சாண். கடையில் கிடைப்பது எல்லா நிலையத்துக்கும் பொதுவாக வெட்டியது. அந்த அரைச் சாணால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் உண்மை. இருந்தாலும் தன் காதுக்கு ஏற்ற நிலையத்துக்குத் தானே அளந்து வெட்டுவதில், உடம்புக்கு அளவெடுத்துச் சட்டை தைத்துக்கொள்ளும் சுகம் இருக்கிறது.

அந்த 91.3 என்ற எண்ணையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பி.பி.சி.யின் எஃப்.எம். சேவை ரூட்டத்திலிருந்து முறையாகத் தொடங்கியது 1955 மே 2. அன்று மூன்று நிகழ்ச்சி வரிசைகள், மூன்று எண்கள்: 89.1, 91.3, 93.5. இடைவெளி சமமாக 2.2. எழுபது ஆண்டுகளில் நிகழ்ச்சி வரிசைகளின் பெயர்கள் மாறிவிட்டன. இன்றைக்கும் ரேடியோ 2, ரேடியோ 3, ரேடியோ 4 மூன்றும் அதே மூன்று எண்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நாடு முழுக்க இதே திட்டம்தான்: மேற்கே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனாலும், வடக்கே யார்க்‌ஷயருக்குப் போனாலும், 90.2க்கும் 92.4க்கும் இடையில் முள்ளை நகர்த்தினால் எங்காவது ரேடியோ 3 அகப்படும். யாரோ ஓர் எஞ்சினியர் ஒரு நாட்டையே கோலப்புள்ளி வைப்பதுபோல எண்ணி எண்ணி அடுக்கியிருக்கிறார். இதைக் கவனித்தபிறகு டயலைத் திருப்புவதே வேறு அனுபவமாகிவிட்டது.

ரூட்டத்திலிருந்து அன்று வந்த அலை தரைக்கு இணையாகப் படுத்து வந்தது. கையில் எடுத்துப்போகும் ரேடியோக்களும் கார் ரேடியோக்களும் பெருகியபிறகுதான் அவற்றின் செங்குத்துக் குச்சிகளுக்காக நின்றுவரும் அலையையும் சேர்த்தார்கள். அதனால் இன்று ஏரியலைப் படுக்கவைத்தாலும் நிற்கவைத்தாலும் வாங்கும். நான் படுக்கவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நிற்கும் குழாய் சுற்றியுள்ள எல்லாத் திசையையும் ஒரேபோலக் கேட்கும். படுத்த குழாய் தன் இரு நுனிகளும் சுட்டும் திசையில் ஏறக்குறையச் செவிடு. வானொலிக்காரர்கள் அந்தச் செவிட்டுப் புள்ளியை நல் என்பார்கள். ஏரியலில் எனக்குப் பிடித்த பகுதி எது என்று கேட்டால், அங்கே இல்லாத அந்தப் புள்ளியைத்தான் காட்டுவேன்.

நல்ல ஏரியல் நிறைய இழுக்கவேண்டும் என்பதுதான் பொது நம்பிக்கை. எங்கள் வீட்டுக்கு டிஷ் பூட்ட வந்த யாழ்ப்பாணத்துத் தம்பியிடம், எஃப்.எம்.முக்குப் பரணில் ஓர் ஏரியல் வேண்டும் என்றேன். "உதை இப்ப ஆர் அண்ணை கேக்கினம்? எல்லாம் ஃபோனிலையே வருகுதே" என்றார். நான் கேட்கிறேன் தம்பி என்றதும் வேனிலிருந்து ஒரு வளையத்தை எடுத்துவந்தார். வட்டமாக வளைத்த குழாய், ஒரு பக்கம் சிறிய இடைவெளி. "லொஃப்ட்டுக்கு உதுதான் அண்ணை. எல்லாப் பக்கத்தாலையும் இழுக்கும்."

ஹேலோ என்று விற்கப்படும் அந்த வளையத்தைத்தான் இங்கே பலருக்கும் கொடுக்கிறார்கள். சிறியது, மாட்டுவது எளிது, திருப்பித் திருப்பிப் பார்க்கவேண்டியதில்லை. ஒரு குழாயை வட்டமாக வளைத்தபோதே நேர்க்குழாய் வாங்கும் அளவு அதற்கு இல்லாமல் போகிறது. அதைக்கூட மன்னித்துவிடலாம். எல்லாப் பக்கமும் கேட்பதுதான் அதன் குற்றம். கூரை உச்சியில் திறந்த வானத்தில் நின்றால் பரவாயில்லை. பரணுக்குள்ளோ தண்ணீர்த் தொட்டி, செப்புக் குழாய், மின்கம்பி, பக்கத்து வீட்டுப் புகைபோக்கி என்று அலை மோதித் திரும்பும் இடங்கள் ஏராளம். வெளியே லண்டனின் கண்ணாடிக் கட்டடங்கள் வேறு. கோபுரத்திலிருந்து நேரே வந்த அலையோடு, மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வந்த அதன் எதிரொலியும் சேர்ந்தால், பின்னது பத்து மைக்ரோவினாடி தாமதம். காதுக்கு அது எதிரொலியாகக் கேட்காது. ‘ஸ’ ஓசை கிழியும், வயலினின் மேல்ஸ்தாயியில் மணல் விழும், கைதட்டல் எண்ணெய்ச்சட்டியில் கடுகு பொரிவதுபோல ஆகும். சத்திரம் போல வந்தவரையெல்லாம் உள்ளே விடும் வளையத்துக்கு இந்தக் கும்பலிலிருந்து நம் ஆளைப் பிரித்தெடுக்கத் தெரியாது. அந்தத் தம்பியின் மனம் நோகாமல் வாங்கி மாட்டினேன். ஆறு மாதம் கேட்டேன். என் தீர்ப்பு: பரணுக்கென்று விற்கப்படும் வளையம், பரணுக்குத்தான் கொஞ்சமும் பொருந்தாது.

அடுத்து நேர்க்குழாய், டைபோல். நடுவில் வெட்டி, இரு பாதியிலும் கேபிளை இணைத்தால் போதும். எளிமையில் புல்லாங்குழலுக்கு ஈடு. அதன் தடை தானாகவே எழுபத்துமூன்று ஓம் அளவில் வந்து நிற்கிறது, கடையில் கிடைக்கும் கேபிளோ எழுபத்தைந்து. இயற்கையாக அமைந்த பொருத்தம். முன்னும் பின்னும் கேட்கும், இரு நுனித் திசையிலும் கேட்காது. பாதி வீடுகளுக்கு இதுவே போதும் என்பேன். என் வீட்டுக்கு முதுகுப்பக்கம்தான் சிக்கல். தென்கிழக்கே ரூட்டம் என்றால், வடமேற்கே ஏறக்குறைய நேர் எதிரில் ஆக்ஸ்ஃபோர்டுக் கோபுரம். வேறு எண்ணில் அதே ரேடியோ 3. அதோடு பின்பக்கத் தெருவில் மோதித் திரும்பும் எதிரொலிகளும் அந்தத் திசையிலிருந்துதான் வருகின்றன. முதுகுக்குப் பின்னால் ஒரு திரை போடவேண்டியிருந்தது.

அந்தத் திரைதான் பின்னால் நிற்கும் குழாய். எதனோடும் இணைக்காத, கேபிள் இல்லாத, வெறும் நெட்டைக் குழாய். பின்னால் நிற்பது கொஞ்சம் நீளமாக இருந்தால் அலையை முன்னுக்குத் திருப்பும், முன்னால் நிற்பது கொஞ்சம் குட்டையாக இருந்தால் அலையைத் தன் பக்கம் கூட்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு நீளம், ஐந்து பங்கு குறைவு, அவ்வளவே. தொடாமலே ஒன்றையொன்று பாதிக்கும் குழாய்கள். 1926இல் ஜப்பானின் தொஹொகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா உழைத்துக் கண்டது. அவருடைய பேராசிரியர் ஹிதெட்சுகு யாகி ஆங்கிலத்தில் உலகுக்கு எடுத்துச் சொன்னதால் உலகம் யாகி என்றே அழைக்கிறது. பேராசிரியர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் எல்லா நாட்டிலும் உண்டு. வானொலிக்காரர்கள் இது பற்றி ஒரு கதை சொல்வார்கள்: 1942இல் சிங்கப்பூர் விழுந்தபோது பிரிட்டிஷாரின் ராடார்க் குறிப்பேட்டில் ‘யாகி’ என்ற சொல்லைப் பார்த்த ஜப்பானிய அதிகாரிகளுக்கு அர்த்தம் புரியவில்லையாம். பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாயைக் கேட்க, அது உங்கள் ஊர்க்காரரின் பெயர் என்றானாம்.

எனக்கு இந்த மீன்முள் சின்ன வயது உறவு. 1982இல் ரூபவாஹினி தொடங்கியபிறகு எங்கள் கடற்கரை ஊர்களில் மாடிக்கு மாடி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியில் நீண்ட யாகியை இலங்கைப் பக்கம் திருப்பிவைத்தார்கள். கிரிக்கெட் நாளில் மாமா மாடியில் கம்பத்தைத் திருகுவார், நான் படிக்கட்டில், சித்தி டிவி முன்னால். "வருது... வருது... போச்சு" என்ற செய்தி இரண்டு வாய் மாறி மேலே போகும். அன்று பத்துக் குச்சி, இன்று மூன்று. டிவி அலை குட்டை என்பதால் குச்சிகளும் குட்டை, நிறைய அடுக்கலாம். எஃப்.எம்.முக்கு ஐந்து ஆறு குழாய் அடுக்கினால் தண்டு இரண்டு மூன்று மீட்டர் ஓடும். பரணில் கைமரங்களுக்கு நடுவே அதைத் திருப்ப முடியாது, நுனிகள் எதையாவது தொட்டுக்கொண்டு நிற்கும், கணக்கெல்லாம் கெடும். மூன்று குழாய் என்பது அந்தப் பரணே கேட்டு வாங்கிக்கொண்ட அளவு. அதன் பார்வை சுமார் அறுபது பாகை அகலம். எனக்கு அது கச்சிதம், ஏனென்றால் லண்டன் நிலையங்கள் சில வரும் கிராய்டன் கோபுரமும் ரூட்டத்தின் திசையிலிருந்து பதின்மூன்று பாகைதான் விலகியிருக்கிறது. ஒரே நோக்கில் இரண்டும் அகப்படும்.

இனி அந்த மடித்த நடுக்குழாய். பக்கத்தில் இரண்டு குழாய்கள் வந்து நின்றதும் நடுக்குழாயின் தடை எழுபத்துமூன்றிலிருந்து சரிந்துவிடும். கேபிளோடு இருந்த இயற்கைப் பொருத்தம் போய்விடும். அதற்கு வைத்தியம், குழாயை மேலே ஒரு சுற்று மடித்து நுனிகளை இணைப்பது. மடித்த மாத்திரத்தில் தடை நான்கு மடங்காகும். சரிந்தது நான்கு மடங்காகி, கேபிளின் எழுபத்தைந்துக்கு அருகே திரும்பி வந்துவிடுகிறது. கூடவே இன்னொரு லாபம், மடித்த குழாய் 88க்கும் 108க்கும் ஒருசேர இசைந்து கொடுக்கும். ஒரு வளைவு, இரண்டு தீர்வு. அது சேரும் சிறிய பெட்டிக்குள் பேலன் என்ற இன்னொரு நயம் இருக்கிறது. குழாயின் இரு பாதியும் சமம், கேபிளின் உள்கம்பியும் வெளிவலையும் சமமில்லை. அப்படியே இணைத்தால் கேபிளின் வெளிவலையே ஓர் ஏரியலாகி, கீழ்த்தளத்து ஃப்ரிட்ஜின் உறுமலையெல்லாம் மேலே ஏற்றிவரும். பேலன் அதைத் தடுக்கும் வாசற்படி. மலிவான ஏரியலில் முதலில் காணாமல்போவது இதுதான், பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இத்தனையும் ஸ்டீரியோவில் கேட்பதற்குத்தான். அதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். எஃப்.எம். ஸ்டீரியோ ஒரு மாடி வீடு. இடதும் வலதும் கூட்டிய ஒலி கீழ்த்தளத்தில், 15 கிலோஹெர்ட்ஸ் வரை. இடதிலிருந்து வலதைக் கழித்த வேறுபாடு மாடியில், 38ஐச் சுற்றி. நடுவே 19இல் ஒரு மெல்லிய தனிச்சுருதி, மாடியைத் திறக்க ட்யூனருக்கு அதுதான் சாவி. எஃப்.எம்.மில் இரைச்சல் மேலே போகப்போகக் கூடும், ஆகவே மழையில் முதலில் ஒழுகுவது மாடி. ஒற்றை ஒலியில் அமைதியாக இருக்கும் அதே நிலையம் ஸ்டீரியோவில் அதே அமைதியைத் தர ஏறக்குறைய நூறு மடங்கு வலு வேண்டும். கட்டில் தலைமாட்டு ரேடியோவில் நன்றாகத்தானே கேட்கிறது என்பவர்கள் கீழ்த்தளத்தில் குடியிருப்பவர்கள்.

பரணில் இடம் தேடிய கதைக்கு வருகிறேன். ஓடும் மரமும் அலையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மழையில் ஓடு நனைந்தால் இன்னும் கொஞ்சம். கூரையில் அலுமினியத்தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பு இருந்தாலோ, அந்தச் சரிவில் சோலார் தகடு பதித்திருந்தாலோ பேச்சே வேண்டாம், கூரைக்கு வெளியே போய்விடுங்கள். எங்கள் கூரை பழைய சுட்ட ஓடு, தப்பித்தோம். ஆனாலும் பரணுக்குள் அலை சீராகப் பரவியிருக்கவில்லை. மோதித் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடும் இடமும் கழியும் இடமும் மாறி மாறி வருகின்றன. கூடும் இடத்துக்கும் கழியும் இடத்துக்கும் நடுவே அலையின் கால்வாசி, முக்கால் மீட்டர்தான். ஒரே பரண், இரண்டு எட்டு வைத்தால் வேறு ஊர்.

தம்புராவில் ஜீவாளி வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே அந்த நூல்துண்டை மயிரிழை நகர்த்துவார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, சட்டென்று தந்தி வாய் திறக்கும். ஏரியலும் அப்படித்தான். மனைவி கீழே ட்யூனர் முன்னால், நான் மேலே முட்டி போட்டு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய மாடிப்படிச் சத்தம் அப்படியே திரும்பி வந்தது, ஆள்தான் மாறியிருந்தோம்.

முதலில் ஒரு தப்புச் செய்தேன். அலையின் வலுவைக் காட்டும் ட்யூனர் ஊசி எங்கே அதிகம் ஏறுகிறதோ அங்கே கட்டினேன், புகைபோக்கிச் சுவருக்குப் பக்கத்தில். வலு இருந்தது, கூடவே ‘ஸ’வும் கிழிந்தது. பழைய எஃப்.எம். ரசிகர் ஒருவர், அடுத்த தெரு ஆங்கிலேயர், ஊசி எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்காதே, ஆடுகிறதா என்று பார் என்றார். எஃப்.எம்.மில் ஒலி இருப்பது அலையின் உயரத்தில் இல்லை, துடிப்பு எண்ணிக்கையில் இருக்கிறது. நூறு பேர் வாசித்தாலும் ஒருவர் முணுமுணுத்தாலும் அலையின் உயரம் மாறக்கூடாது. எதிரொலி கலந்தால்தான் பாட்டோடு சேர்ந்து உயரமும் தடுமாறும், ஊசி நடுங்கும். அமெரிக்க எஞ்சினியர் எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார், வழக்குகளில் நொந்து 1954இல் தானே உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கண்டுபிடிப்பின் சாரம் முழுவதும் அந்த அசையாத ஊசியில் இருக்கிறது. ஏரியலைச் சுவரிலிருந்து இரண்டு அடி விலக்கி, பத்துப் பாகை கிழக்கே திருப்பியபோது ஊசி கொஞ்சம் இறங்கியது. பிறகு ஆல்பர்ட் ஹாலிலிருந்து முழு ஆர்க்கெஸ்ட்ராவும் முழங்கியபோது, சுவரில் அறைந்த ஆணி போல நின்றது.

கேட்டுப் பார்க்க எனக்குச் சில பரீட்சைகள் உண்டு. நள்ளிரவு தாண்டி ரேடியோ 4இல் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. இசை இல்லை, அவசரம் இல்லை, ஒரு குரல் கடற்பகுதிகளின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகும்: வைக்கிங், சௌத் உட்ஸிரா, டாகர், ஃபிஷர். உட்ஸிராவின் ‘ஸ்’ உதட்டோரம் நின்று கரையவேண்டும், தெறிக்கக்கூடாது. அடுத்தது, ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் ப்ராம்ஸ் இசைவிழாக் கச்சேரியில் கடைசி ஸ்வரத்துக்கும் கைதட்டலுக்கும் நடுவே உள்ள ஒன்றிரண்டு வினாடி. ஹாலின் வட்டக் கூரைக்கு அந்த ஒலி ஏறி, மெல்லிதாகி, இதோ போகிறது போகிறது என்று இருக்கும்போதே யாரோ ஒரு முந்திரிக்கொட்டை கைதட்டிவிடுவார். வளையம் மாட்டியிருந்த ஆறு மாதமும் அந்த வினாடிகளில் எனக்கு இரைச்சல்தான் கேட்டது. இப்போது ஹாலின் மௌனம் கேட்கிறது: நாற்காலி கிரீச்சிடுவது, தொண்டையைச் செருமுவது, யாரோ நிகழ்ச்சிநிரலை மடிப்பது. மூன்றாவது, வானத்தில் விமானம். நார்த்தோல்ட்டில் இறங்கும் ஜெட் தலைக்கு மேலே போனால் அதன் உடம்பில் பட்டு வரும் எதிரொலியால் பியானோ நடுங்கும். மூன்று குழாய் வந்தபிறகு நடுக்கம் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. போகாதது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். யாரோ என் வீட்டுக்கு மேல் பயணம் போவது பியானோ வழியாகத் தெரிகிறது.

இணையத்தில் இதே ரேடியோ 3 இரைச்சலே இல்லாமல் வருகிறது, மறுக்கவில்லை. எஃப்.எம். தூய்மைவாதிகளுக்கும் ஒரு செய்தி: பி.பி.சி. 1972இலிருந்தே ஸ்டுடியோவிலிருந்து கோபுரங்களுக்கு ஒலியை எண்களாக்கித்தான் அனுப்பத் தொடங்கியது. நாம் கட்டிக்கொண்டு அழும் அனலாக், கடைசி ஐம்பது கிலோமீட்டர் மட்டுமே. எனக்கு அந்த ஐம்பது போதும். மணிக்கான ஆறு பீப் ஒலிகள் எஃப்.எம்.மில் நேரத்துக்கு வந்துவிடுகின்றன, சமையலறை டிஜிட்டல் ரேடியோவில் சில வினாடி கழித்து மறுபடி மணியடிக்கிறது. நார்வே 2017இல் தேசிய எஃப்.எம். நிலையங்களை மூடிவிட்டது. பிரிட்டனில் 2030க்கு முன் மூடவேண்டாம் என்று 2021இல் அரசு ஆய்வு பரிந்துரைத்தது. இருக்கும்வரை கேட்போம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேபிள், செம்புக் கம்பியும் செம்பு வலையும் கொண்ட எழுபத்தைந்து ஓம் சாட்டிலைட் கேபிளாக இருக்கட்டும், பழைய மெல்லிய பழுப்புக் கேபிள் வேண்டாம். பூஸ்டர் என்று ஒரு டப்பி விற்பார்கள். கோபுரங்களுக்கு இவ்வளவு அருகில் அது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி, வலுத்த நிலையங்களைக் குழப்பியும் விடும். வாங்காதீர்கள். படுக்கையறைச் சீலிங்கில் பதித்த எல்.இ.டி. விளக்குகள் ஏரியலுக்கு ஓரடி கீழே இருக்கும், அவற்றில் மட்டரகமானது ஒன்று போதும் ரேடியோ 3ஐத் தேனீக்கூடாக்க. ஒரு மாதம் ஏரியலைக் குறைசொல்லிக்கொண்டிருந்தேன், கடைசியில் குற்றவாளி மகளின் அறை விளக்கு.

உங்களுக்கும் ஓட்டுக் கூரையும் பரணும் இருந்தால், கடைக்குப் போகுமுன் சாதாரண மின்கம்பியில் முக்கால் மீட்டர்த் துண்டுகள் இரண்டு வெட்டி, கேபிளோடு இணைத்து, ஒரு மூங்கில் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அதைப் பரணில் இடம் மாற்றி மாற்றித் தொங்கவிட்டுக் கேளுங்கள். இடம் முதலில், ஏரியல் பிறகு. மேலே நடக்கும்போது உத்திரத்தின் மேல் மட்டும் கால் வையுங்கள். நடுவில் வெப்பத்தடுப்புப் பஞ்சுக்கு அடியில் இருப்பது வெறும் பிளாஸ்டர்போர்டு. எங்கள் வீட்டு நடுக்கூடத்துச் சீலிங்கில் என் குதிகால் அளவில் ஒரு ஒட்டு இருக்கிறது. அத்தை அதை மட்டும் கவனிக்கவில்லை.